மாதாவிடம் அடையாள அட்டை கேட்ட நாள்

என் பெயர் றிஸ்வி. மன்னார்த் தீவில், தாராபுரத்தில் றோட்டோரமாக ஒரு கொமினிக்கேசன் கடை வைத்திருக்கிறேன். வெளியே பலகையில் 'போன் திருத்தப்படும்' என்று பெரிதாக எழுதியிருக்கிறது. ஆனால் போன் பழுதாகி வருகிறவர்கள் குறைவு. போன் நன்றாகத்தான் இருக்கும், கொண்டுவருகிறவர்தான் பாஸ்வேர்டை மறந்திருப்பார். "நான் ஒண்டும் செய்யேல்லை நானா, அது தன்பாட்டில வெளிய போட்டுது" என்பார். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவார்கள். நான் கடை திறந்த நாளிலிருந்து ஒரு ஆளாவது 'நான்தான் எதையோ அமத்தினனான்' என்று ஒப்புக்கொண்டதில்லை. போன்கள் எல்லாம் குற்றவாளிகள், மனிதர்கள் எல்லாம் பத்தரைமாற்றுத் தங்கங்கள்.

இதில் மிகப் பெரிய தலையிடி இரண்டு அப்புகளுக்கு இடையில் வரும் சண்டை. பெயர்களைச் சொல்லி வம்பை விலைக்கு வாங்க எனக்கு ஆசையில்லை. எல்லாருடைய போனிலும் இருக்கிறதே, படம் போட்டு ஹார்ட் வாங்குகிற அப், அதை நான் 'பெரிய அப்' என்று சொல்வேன். அதன் வாசலில் போய் நின்று 'இன்னார் என்னை அனுப்பினார், உள்ளே விடு' என்று கேட்கிற மற்ற அப்புகள் எல்லாம் 'சின்ன அப்'. பெரிய அப் நினைத்தால் விடும். நினைக்காவிட்டால், 'அனுமதி காலாவதியாகிவிட்டது, மீண்டும் இணைக்கவும்' என்று சொல்லிக் கதவைச் சாத்திவிடும். ஏன் காலாவதியானது என்று கேட்டால் பதில் வராது. அந்த விசயத்தில் அது நம்முடைய அரசாங்கக் கந்தோர்களை அச்சொட்டாகப் பார்த்துப் பழகியிருக்கிறது.

நான் சொல்ல வந்தது பேசாலை லோறன்ஸைப் பற்றி.

லோறன்ஸ் பிறந்தது மீன்பிடிக் குடும்பத்தில். தகப்பன், பெரியப்பன், சித்தப்பன் எல்லோரும் கடலுக்குப் போனவர்கள். இவன் போனால் கரை மறைவதற்கு முன்பே சத்தியெடுப்பான். கடலுக்குப் போய்ச் சத்தியெடுக்கிற பேசாலைக்காரனை ஊர் என்ன செய்யும்? பெண் கொடுக்குமா? நல்லவேளை, ஜெனுஷா என்ற புண்ணியவதி கொடுத்துவைத்ததோ கெடுத்துவைத்ததோ, இவனைக் கட்டிக்கொண்டாள். அவளுடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஒரு கமரா அனுப்பினான். அதற்குப் பிறகு லோறன்ஸ் கலைஞன் ஆகிவிட்டான். பிள்ளைகளின் முதல் நன்மை, கலியாணம், உதைபந்தாட்டம், செத்த வீடு என்று எதையும் விட்டுவைக்கவில்லை. அவனுடைய வீடியோவில் மணப்பெண்ணின் முகத்திலிருந்து ரோசாப்பூ வெடித்துப் பறக்கும். ஒருமுறை பழக்கதோசத்தில் ஒரு பிரேதத்தின் முகத்திலிருந்தும் பறந்தது.

செத்த வீடுகளில்தான் அவனுக்குக் கிராக்கி. பேசாலையில் பாதிச் சனம் பேசாலையில் இல்லை. பிரான்ஸிலும் கனடாவிலும் இருக்கிறார்கள். ஊரில் ஒருவர் கண்ணை மூடினால் அங்கே இருக்கிறவர்கள் லீவு போட்டு வர முடியாது, போனைத்தான் திறக்க முடியும். அதனால் லோறன்ஸ் கமராவைச் சவப்பெட்டியின் கால்மாட்டில் நட்டு, லப்டொப்பில் இருக்கும் சின்ன அப்புக்கு அனுப்புவான். சின்ன அப் அதைப் பெரிய அப்புக்கு அனுப்பும். உலகம் முழுக்க அழும். இப்போதெல்லாம் செத்த வீட்டில் "பாதர் வந்தாச்சா" என்று கேட்பதற்கு முதல் "லைவ் போகுதா" என்றுதான் கேட்கிறார்கள். ஒப்பாரி வைக்கிற மனுசிகூட கமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் அவன் பெரிய அப்பில் கணக்குத் திறந்த விதம் இருக்கிறதே, அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

உலகத்தில் எல்லோரும் தங்கள் பெயரில் திறப்பார்கள். இவனுக்கு அது பெருமைத்தனமாகத் தெரிந்ததாம். ஊருக்குச் செய்யும் சேவை மாதாவின் பெயரில் இருக்க வேண்டுமாம். முதற்பெயர் என்று கேட்ட இடத்தில் 'அற்புத' என்று போட்டான். குடும்பப்பெயர் என்ற இடத்தில் 'மாதா'. பிறந்த திகதி செப்டம்பர் எட்டு, அது சரி, அவர்களுடைய மாதாவின் பிறந்தநாள். பிறந்த வருடத்துக்கு அப் காட்டிய பட்டியல் அவ்வளவு தூரம் பின்னால் போகவில்லை. ஆகவே ஜெனுஷாவின் வருடத்தைக் கொடுத்துவிட்டான். திருமண நிலை என்ற கேள்விக்குப் பயந்து வெறுமையாக விட்டான். தொழில் என்ற இடத்தில் 'சுயதொழில்'.

பக்கம் என்று திறந்திருந்தாலும் பரவாயில்லை. இவன் ஒரு ஆளுடைய கணக்காகத் திறந்தான். ஊர் முழுக்க மாதாவுக்கு நண்பர் ஆனது. செப்டம்பரில் 'ஹப்பி பர்த்டே மாதா' என்று வந்து குவிந்தது. உள்பெட்டியில் வேண்டுதல்கள் வந்தன, 'மாதாவே, மகளுக்கு விசா கிடைக்க வேணும்' என்று. சும்மா விட்டால் சனத்தின் மனம் புண்படும் என்று லோறன்ஸ் எல்லாவற்றுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

நான் அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். "மச்சான், உங்கட மாதா, மரியம் அலைஹஸ்ஸலாம், எங்களுக்கும் பெரிய ஆள். அவங்கட பேரில பாஸ்வேர்ட் கேக்கிறதுக்கு எனக்கே கை கூசுது. உன்ட பேரில ஒண்டைத் திற."

"மாதா பாத்துக்கொள்ளுவா நானா" என்றான்.

மாதா பார்த்துக்கொண்டதைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

றோஸ்மேரி அக்கா பேசாலையில் லோறன்ஸ் வீட்டுக்கு அடுத்த வளவில் இருந்தவர். கணவன் கடலோடு போய்ச்சேர்ந்தபின், ஒரே மகன் றொசாந்தனை வைத்துக்கொண்டு கருவாடு காயவைத்துச் சீவித்தவர். அவன் பிரான்ஸுக்குப் போனபிறகு பஸ்ஸில் மன்னார் போகும்போதெல்லாம் என் கடையில் இறங்குவார். "தம்பி, பிள்ளையின்ட முகம் பெரிசாத் தெரியிற மாதிரிச் செய்து தாரும்" என்பார். அந்த மனுசி ஒருநாள்கூடப் பாஸ்வேர்ட் மறந்து வந்ததில்லை. அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும். போன மாசி மாதம் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழும்பவில்லை.

றொசாந்தனால் வர முடியாது. அங்கே அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. வந்தால் திரும்பிப் போக முடியாது. அவனுக்கு இருந்த ஒரே வழி, பெட்டி மூடுவதற்கு முன் தாயின் முகத்தைப் போனில் பார்ப்பதுதான்.

அப்படியென்றால் ஜெனுஷாவின் போனில் ஒரு வீடியோ கோல் எடுத்து, பெட்டிக்கு மேலே பிடித்தால் விசயம் முடிந்ததே என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். அன்று காலை அவள் அதைத்தான் செய்தாள். பெட்டியின் தலைமாட்டில் நின்ற தோமஸ் அண்ணை அந்தப் போனைப் பறித்துக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

தோமஸ் அண்ணை றோஸ்மேரி அக்காவின் சொந்தத் தம்பி, றொசாந்தனின் தாய்மாமன். தகப்பன் போனபிறகு அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். தன் மகள் துசாந்தினியை அவனுக்கென்றே பேசி வைத்திருந்தார். கோயிலில் கலியாண அறிவித்தலும் வாசித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு விடியற்காலையில் மாப்பிள்ளை பிளேன் ஏறிவிட்டார். மாமனுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. துசாந்தினி கொஞ்ச நாள் அழுதாள். பிறகு நறுவிலிக்குளத்தில் நல்ல வயல்காரனைக் கட்டி, பிள்ளையும் குட்டியுமாக, "மச்சான் ஓடினது எனக்கு நல்லது" என்று சிரித்துக்கொண்டு திரிகிறாள். தகப்பன்தான் இன்னும் மாப்பிள்ளையைப் பறிகொடுத்த ஆள்போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"அவன்ட மூஞ்சி இந்த வீட்டுக்குள்ள வரப்படாது" என்றாராம் காலையில். "போனிலயும் வரப்படாது. பெட்டிக்குக் கிட்ட ஒருத்தரும் போன் தூக்கக்கூடாது."

"அப்ப லைவ் மாமா?" என்று ஜெனுஷா கேட்டிருக்கிறாள்.

"லைவில ஆர் பாக்கினம் எண்டு எனக்குத் தெரியப்போகுதா? அது ஊர் வழக்கம். போகட்டும்."

ஆக, மிச்சம் இருந்த ஒரே வழி லோறன்ஸின் கமரா. அதற்கு ஒரே வாசல் மாதாவின் கணக்கு. அந்த வாசல்தான் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரம் லோறன்ஸ் எனக்குக் கோல் எடுத்தான். "நானா, கெதியா வாங்கோ. சின்ன அப் வெளிய போட்டுட்டுது. பெரிய அப் உள்ள விடுதில்லை. பின்னேரம் பாதர் வந்திடுவார், வந்தவுடன பெட்டி மூடிப்போடுவினம்."

"நீ என்னத்தை அமத்தினாய்?"

"நான் ஒண்டும் அமத்தேல்லை நானா."

அதுதானே! கடையைப் பூட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறினேன். வழியில் கழுதைகள் நடு றோட்டில் மாநாடு வைத்திருந்தன. அவற்றுக்கு ஒரு அவசரமும் இல்லை.

செத்த வீட்டில் பந்தல் நிறையச் சனம். நடுக்கூடத்தில் பெட்டி, முகத்துக்கு மேலே வலைத்துணி. தலைமாட்டில் தோமஸ் அண்ணை காவலுக்கு நிற்பதுபோல நின்றார். மூலையில் அலுமாரிக்குப் பக்கத்தில் இரண்டு கதிரையை இணைத்து, லப்டொப்பை வைத்துக்கொண்டு லோறன்ஸ் வியர்த்துக்கொட்டிக்கொண்டிருந்தான். அவனைச் சுற்றி ஆலோசகர்கள். செத்த வீடென்றால் சும்மா இருக்கும் ஆம்பிளைகளுக்குத் திடீரென்று எல்லாத் துறையிலும் பட்டம் கிடைத்துவிடும்.

"ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாரும்."

"வைஃபைதான் பிழை. கூரையில ஏறி நிண்டால் வரும்."

"கனடாவில என்ட மகன் சொல்லுறான், கேஷைக் கிளியர் பண்ணட்டாம்."

"ஆற்றை காசு?" என்று ஒரு முதியவர் பதறினார்.

நான் எல்லாரையும் தள்ளிவிட்டு உட்கார்ந்தேன். சின்ன அப்பில் வழக்கமான அறிவித்தல்: அனுமதி காலாவதி, மீண்டும் இணைக்கவும். இணைக்கவும் என்பதை அமத்தினேன். பெரிய அப் பாஸ்வேர்ட் கேட்டது. லோறன்ஸ் என் காதில் சொன்னான். அதை இங்கே எழுத மாட்டேன், எழுதினால் பாதர் அவனைக் கோயிலுக்குள் விடமாட்டார். பாஸ்வேர்ட் சரி. திரையில் ஒரு வட்டம் சுற்றியது.

கூடத்தில் எங்கேயோ 'டிங்' என்று ஒரு போன் சத்தம் போட்டது. செத்த வீட்டில் போனை மௌனமாகப் போடத் தெரியாத ஜென்மங்கள் என்று மனதுக்குள் ஏசிக்கொண்டேன்.

'உங்கள் கோரிக்கை மறுக்கப்பட்டது' என்றது திரை.

"இதேதான் நானா" என்றான் லோறன்ஸ். "காலையிலயிருந்து இதேதான்."

இன்னொரு முறை கொடுத்தேன். வட்டம் சுற்றியது. 'டிங்'. மறுக்கப்பட்டது.

சரி, மாதாவை விட்டுவிட்டு என் கடைக் கணக்கைச் சின்ன அப்போடு இணைக்கலாம் என்று பார்த்தேன். என் கணக்கில் மேலே 'போன் கவர் வாங்கினால் கிளாஸ் இலவசம்' என்று இருக்கும், கீழே றோஸ்மேரி அக்காவின் பெட்டி இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், மகன் பார்த்தால் போதும். ஆனால் லோறன்ஸ் வைத்திருந்தது சின்ன அப்பின் இலவசப் பதிப்பு. ஒரு கணக்கை மாற்றினால் மறுநாள்வரை காத்திருக்கவும் என்றது. பெட்டிக்குள் கிடக்கிற மையித்தை மறுநாள்வரை காத்திருக்கச் சொல்லலாமா?

திரும்பவும் மாதாவிடம் வந்தேன். இம்முறை பெரிய அப்புக்குச் சந்தேகம் வந்துவிட்டது. 'அற்புத மாதா, நீங்கள் உண்மையான நபர்தானா என்பதை உறுதிப்படுத்த, அரசாங்க அடையாள அட்டையின் படத்தைப் பதிவேற்றவும். பெயரும் பிறந்த திகதியும் கணக்கில் உள்ளபடி இருக்க வேண்டும்' என்றது.

நான் அதை வாய்விட்டு வாசித்துவிட்டேன். அதுதான் நான் விட்ட பிழை. ஆலோசகர்கள் மறுபடி கூடிவிட்டார்கள்.

"மாதாவிட்ட ஐடென்ரி கார்ட்டோ? ஆர் கேட்டது? அவனை முதல்ல பேரைச் சொல்லு!"

"பொறுங்கோப்பா. ஐசி இல்லாட்டி கிராம சேவகரிட்ட ஒரு கடிதம் எடுத்தாச் சரி. இன்னார் இந்தப் பிரிவில வசிக்கிறவ எண்டு."

"வாக்காளர் இடாப்பில பேர் இருக்கோணுமே?"

இவர்கள் பகிடி விடுகிறார்கள் என்று நினைத்தீர்களா? இல்லை, உண்மையாகவே யோசித்தார்கள். லோறன்ஸ் இன்னும் ஒருபடி மேலே போனான். கலியாண அல்பம் செய்கிற மென்பொருளைத் திறந்து, ஜெனுஷாவின் அடையாள அட்டைப் படத்தில் பெயரை அழிக்கத் தொடங்கிவிட்டான்.

"நானா, பொம்பிளையள் எண்டா ஐசி நம்பரில பிறந்த நாளோட ஐந்நூறு கூட்டோணும், என்ன?"

"டேய்!" என்று கத்திவிட்டேன். சனம் திரும்பிப் பார்த்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன். "மாதாவுக்குக் கள்ள ஐசி அடிக்கப்போறியா? அதுவும் செத்த வீட்டில வச்சு? உனக்கு மண்டைக்குள்ள என்ன, சாளைக் கருவாடா?"

அவன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். "நான் றொசாந்தனுக்குச் சொல்லிப்போட்டன் நானா, காட்டுவன் எண்டு. மாதா மேல சத்தியம் பண்ணிப்போட்டன்."

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. றொசாந்தன். நான் பந்தலுக்கு வெளியே போய் நின்று எடுத்தேன்.

"றிஸ்வி நானா, இன்னும் வட்டம்தான் சுத்துது. எனக்குத்தான் லைன் இல்லையோ?"

"உனக்கு லைன் இருக்கு தம்பி. இங்கதான் கொஞ்சம் பிழை. பாத்துக்கொண்டிருக்கிறன். சரிவராட்டி லோறன்ஸ் கமராவில எடுத்து வச்சு ராவைக்கு அனுப்புவான்."

 "பிறகு பாக்கிறதெண்டா அது படம் நானா. மூடேக்குள்ள நான் அங்க நிக்கோணும். வேற ஒண்டும் எனக்கு வேணாம்."

 'ஓம்' என்றேன்.

"லோறன்ஸ் அண்ணையை ஏசாதேங்கோ" என்றான் அவன். "அவர் நல்லவர். நான் இங்க வந்து என்ன படம் போட்டாலும் முதல் ஹார்ட் மாதாவின்ட கணக்கில இருந்துதான் வரும். ஹோட்டலில கோப்பை கழுவுற படத்துக்கும் வந்தது. தனிய இருக்கேக்குள்ள அது பெரிய ஆறுதல் நானா. அவருக்குச் சொல்லுங்கோ."

உள்ளே வந்து லோறன்ஸிடம் சொன்னேன். அவன் முழித்தான். "நானோ? நான் ஒருத்தற்றை படத்துக்கும் ஹார்ட் போடுறேல்லையே. ஒருவருக்குப் போட்டு மற்றவருக்குப் போடாட்டி ஊரில சண்டை வரும்."

இவன் மறந்திருப்பான் என்று விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தேன். பாதரின் வாகனம் கோயிலடியில் நிற்கிறது என்று யாரோ வந்து சொன்னார்கள். பெண்கள் கடைசிப் பாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஆத்திரத்தில் அந்த அறிவித்தலைக் கடைசிவரை வாசித்தேன். நம் ஆட்களுக்கு அறிவித்தலைக் கடைசிவரை வாசிக்கும் பழக்கம் கிடையாது. 'ஓகே' எங்கே இருக்கிறது என்று தேடத்தான் தெரியும். அதுவரை எனக்கும் அதே வியாதிதான் பிடித்திருந்தது.

அடையாள அட்டைக் கதைக்குக் கீழே சின்ன எழுத்தில் இன்னொன்று இருந்தது. 'அல்லது, நீங்கள் ஏற்கனவே உள்நுழைந்திருக்கும் கருவிக்கு அனுப்பிய கேள்விக்கு ஆம் என்று பதிலளிக்கவும்.' அதற்குப் பக்கத்தில் ஒரு பழைய போனின் மொடல் பெயர்.

"லோறன்ஸ், இந்தப் போன் எங்க?"

அவன் குனிந்து பார்த்தான். "அதா? அது என்ட பழைய போன் நானா. மூலை உடைஞ்சது. புதுசு எடுத்தாப்பிறகு கைமாத்திட்டன். இப்ப மாதாவை லப்டொப்பிலதான் திறக்கிறனான்."

"ஆரிட்ட?"

"தோமஸ் மாமாவிட்ட."

"குடுக்கேக்குள்ள கணக்கை வெளிய எடுத்தியா?"

லோறன்ஸ் என்னைப் பார்த்தான். நான் லோறன்ஸைப் பார்த்தேன். பிறகு இரண்டு பேரும் பெட்டியின் தலைமாட்டைப் பார்த்தோம். அங்கே தோமஸ் அண்ணையின் சட்டைப் பையில் ஒரு போன், மூலை உடைந்தபடி எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

நான் திரும்ப ஒருமுறை கோரிக்கையை அனுப்பினேன். 'டிங்'. அவர் போனை வெளியே எடுத்தார். கண்ணைச் சுருக்கி வாசித்தார். நிதானமாக ஒரு விரலால் அமத்தினார். பையில் போட்டுக்கொண்டார். என் திரையில்: மறுக்கப்பட்டது.

காலையிலிருந்து பெரிய அப்பையும் சின்ன அப்பையும் வைஃபையையும் ஏசிக்கொண்டிருந்தோம். மறுத்துக்கொண்டிருந்தவர் கூப்பிடு தூரத்தில் நின்றிருக்கிறார்!

எழுந்து போய் அவரைப் பின்பக்கக் குசினி வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "தோமஸ் அண்ணை, உங்கட போனுக்கு ஒரு கேள்வி வருதே, அதுக்கு என்ன பதில் அமத்துறீங்க?"

"அதுவோ? காலமையிலயிருந்து அரிகண்டம் தம்பி. 'அற்புத மாதா, உள்நுழைய முயல்வது நீங்கள்தானா?' எண்டு கேக்குது. 'இல்லை, நானல்ல' எண்டு அமத்துறன்."

"ஏன் அண்ணை?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "நான் மாதா இல்லையே தம்பி. அக்காவின்ட பெட்டிக்குப் பக்கத்தில நிண்டு, நான்தான் மாதா எண்டு பொய் சொல்லச் சொல்லுறீரோ?"

 எனக்கு இதுவரை வந்த வாடிக்கையாளர்களில் கேள்வியை முழுதாக வாசித்து, மனச்சாட்சிப்படி பதில் சொன்ன ஒரே மனிதர் இவர்தான். அதற்குக் கிடைத்த பலனைப் பாருங்கள்.

"போனை ஒருக்காத் தாங்க அண்ணை" என்றேன். அவர் பையைப் பொத்திக்கொண்டார். நான் கையை நீட்டியபடியே நின்றேன். வேண்டாவெறுப்பாகத் தந்தார்.

பெரிய அப் திறந்தே கிடந்தது. மேலே மாதாவின் பெயர். கீழே றொசாந்தனின் பக்கம். அவன் பனியில் நிற்கிற படம். அவன் கோப்பை கழுவுகிற படம். நீளமான மேலங்கியில், மெலிந்துபோய்ச் சிரிக்கிற படம். நான் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாவற்றிலும் அற்புத மாதாவின் சிவப்பு ஹார்ட்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் குசினிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் போடேல்லை" என்றார். "போனில மாதா இருந்தா. மாதாதான் போட்டா. அவ மன்னிப்பா, அது அவவின்ட குணம். நான் மன்னிக்கேல்லை."

"ஓம் அண்ணை, விளங்குது" என்றேன். விளங்கியதுதான், ஆனால் கோபமும் வந்தது. அக்கா உயிரோடு இருந்தபோது இந்த மனிதர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மருமகனைக் கூப்பிட்டுப் பேசியிருந்தால் அந்த மனுசி எவ்வளவு சந்தோசமாகப் போயிருப்பார்! "அப்ப இண்டைக்கும் மாதாவிட்டயே விடுங்க. தாயின்ட முகத்தைப் பாக்க வந்த பிள்ளையை அவ வாசலில நிப்பாட்டி வைப்பாவா? நீங்க அமத்தத் தேவையில்லை. அவவின்ட போன், அவ அமத்தட்டும். விரலை மட்டும் குடுங்க."

முன்வாசலில் "பாதர் வாறார், வழி விடுங்கோ" என்று சத்தம் கேட்டது. லோறன்ஸ் லப்டொப்பிலிருந்து கோரிக்கையை அனுப்பியிருக்க வேண்டும். என் கையில் இருந்த போன் 'டிங்' என்றது. 'அற்புத மாதா, நீங்கள்தானா?'

தோமஸ் அண்ணை போனை வாங்கினார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். "பாவசங்கீர்த்தனத்தில சொல்லுவன்" என்று முணுமுணுத்தார். 'ஆம், நான்தான்' என்பதை அமத்தினார். முதல் முறை விரல் பக்கத்தில் பட்டது, இரண்டாவது முறைதான் சரியாகப் பட்டது.

"நானா! போகுது!" என்று லோறன்ஸ் கூடத்திலிருந்து கத்தினான். செத்த வீடு என்பதை மறந்து ஆலோசகர்களில் இரண்டொருவர் கைதட்டிவிட்டார்கள்.

நான் போய் லப்டொப்பைப் பார்த்தேன். படம் போகிறதுதான். ஆனால் திரை முழுக்க ஒரு முதுகு. தோமஸ் அண்ணை திரும்ப வந்து, பழைய இடத்தை விட்டுப் பெட்டிக்கும் கமராவுக்கும் நடுவில் வந்து நின்றிருந்தார். லோறன்ஸ் கையால் சைகை காட்டினான். அவர் பார்க்கவில்லை. பாதர் புத்தகத்தை விரித்தார். மூடியைத் தூக்க ஆட்கள் குனிந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்றார் தோமஸ் அண்ணை.

மெதுவாக விலகி நின்றார். குனிந்து அக்காவின் முகத்தை மூடியிருந்த வலைத்துணியை மடித்துக் கழுத்தடியில் வைத்தார். நெற்றியில் கிடந்த மயிரை ஒதுக்கிவிட்டார். பிறகு கமராவைப் பார்த்தார். லோறன்ஸைப் பார்க்கவில்லை, கமராவைத்தான் பார்த்தார்.

"வடிவாப் பாரடா" என்றார். "கிட்ட வந்து பார். மூடப்போறம்."

 லோறன்ஸ் அன்று ரோசாப்பூ எதுவும் பறக்கவிடவில்லை, அவன் கமராவைப் பிடித்துக்கொண்டு விம்மிக்கொண்டிருந்தான். படம் கொஞ்சம் ஆடியது. கீழே றொசாந்தனின் பெயரில் 'அம்மா' என்று ஒரு வார்த்தை வந்தது. பிறகு 'மாமா' என்று ஒன்று வந்தது. அதன்பின் சேமக்காலையில் மண் போடும்வரை ஒன்றும் வரவில்லை.

பெரிய அப் இதற்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. அடுத்த கிழமை, அற்புத மாதா என்ற நபர் உண்மையில் இருப்பதாக உறுதிப்படுத்த முடியவில்லை, ஆகவே கணக்கு மூடப்படுகிறது என்று அறிவித்தது. பேசாலையில் அதைக் கேள்விப்பட்டவர்கள் கொதித்துப்போனார்கள். லோறன்ஸ் கடைசியில் 'லோறன்ஸ் லைவ்' என்று தன் பெயரில் ஒன்று திறந்தான். பாஸ்வேர்டை அடுத்த நாளே மறந்துவிட்டு என்னிடம் வந்தான். அது தன்பாட்டில் வெளியே போட்டதாம்.

அவனுக்குப் பிறகு தோமஸ் அண்ணை வந்தார். மூலை உடைந்த போனை மேசையில் வைத்தார். "தம்பி, மாதா போயிட்டா. வேற ஆரும் புனிதற்றை பேரில ஒண்டு திறக்கலாமோ?"

"உங்கட பேரிலயே திறப்பம் அண்ணை."

"என்ட பேரிலயோ?" என்று இழுத்தார். "அப்ப நான் போடுறது நான்தான் எண்டு தெரிஞ்சிடுமே."

"ஓம். அதுக்குத்தான் பேர்."

கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்துக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார். நான் அவருடைய பெயரையும் பிறந்த திகதியையும் போட்டுக் கொடுத்தேன். திருமண நிலைக்கும் பயப்படாமல் பதில் சொன்னார். தேடும் இடத்தில் என்ன எழுத என்று நான் கேட்கவில்லை. அவன் பெயரை எழுதிக் கொடுத்தேன். தாயின் பழைய படம் ஒன்றைப் போட்டிருந்தான் றொசாந்தன். முதல் ஹார்ட் இன்னும் விழவில்லை. தோமஸ் அண்ணை சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு, அமத்தினார்.

போனை அவர் மேசையில் வைக்கக்கூட இல்லை. போன் அதிர்ந்தது. றொசாந்தன் வீடியோவில் கூப்பிடுகிறான் என்று திரை சொன்னது. தோமஸ் அண்ணை அதைத் தூரப் பிடித்துக்கொண்டு, முகத்தை ஒருமுறை துடைத்து, என்னைப் பார்த்தார்.

"தம்பி, இதுக்கு எதை அமத்திறது?"

"பச்சையை, அண்ணை" என்றேன். "பச்சையை அமத்துங்க."